ஞானப்பல்லும் அகரமும்

'பல்லுப் போனாற் சொல்லுப் போச்சு' என்பது நம்மவர் பழமொழி. முதுமையிற் பல்லிழந்தாரை நோக்கி எழுந்த அம்மொழி, ஞானப்பல் களைந்தார்க்கும் ஒரு வாரகாலம் பொருந்துவதாகும். இதனை யான் நூல்வழியன்றி நோய்வழியே கற்றுக்கொண்டேன்.

பல ஆண்டுகளுக்கு முன்னர், பாடம் ஒப்புவிக்க அழைத்தபோது மாணவனொருவன் வாய் திறவாது நின்றான். கன்னம் வீங்கியிருந்தது. அவனுக்கு ஞானப்பல் பிடுங்கி இரு நாளே ஆயின என்று அருகிலிருந்தவன் கூறினான். "பல்லைத்தானே பிடுங்கினார்கள், நாவையும் பிடுங்கினார்களோ?" என்றேன். வகுப்பு நகைத்தது, அவன் தலைகுனிந்தான். அந்நகை இவ்வாண்டு என்னிடமே திரும்பி வந்தது.

கடைவாய்ப் பற்களுள் இறுதியாக முளைப்பது ஞானப்பல். பெரும்பாலும் 17க்கும் 25க்கும் இடைப்பட்ட வயதில், அறிவு முதிருங் காலத்தே தோன்றுதலின் இப்பெயர் பெற்றது. தாடையில் இடம் போதாதவிடத்து அது சாய்ந்து எலும்பினுட் புதைந்து கிடக்கும். அந்நிலையில் ஈற்றைக் கீறி, எலும்பைச் சிறிது அகழ்ந்தே அதனை எடுத்தல் வேண்டும். இளையோர்க்கு விரைந்து ஆறும் அப்புண், என்போல் ஐம்பது கடந்தார்க்குத் தாமதித்தே ஆறும்.

இரண்டாம் மூன்றாம் நாட்களில் வீக்கம் உச்சமடைந்தது. மெல்லுந் தசைகள் இறுகினமையால் விரலொன்று நுழையும் அளவே வாய் திறந்தது. எழுத்துப் பிறக்கும் எட்டு இடங்களுட் பல்லையும் ஒன்றாக வைத்த தொல்காப்பியர், அகர ஆகாரங்கள் வாய் அங்காத்தலாற் பிறக்குமென்றார். அதனை முப்பது ஆண்டுகள் மாணவர்க்கு உரைத்த யான், அங்காக்க இயலாது முதலெழுத்தையே இழந்திருந்தேன். இடியப்பத்தைச் சொதியில் ஊறவைத்தும், கஞ்சியை ஆறவைத்தும் மனைவி ஊட்டினாள். பசித்தும் உண்ணமாட்டாமையால் அவள்மீதே சினந்தேன். வந்தவர் முகம் நோக்க நாணி அறையினுள் ஒதுங்கினேன். நோவினும் இவ்வொதுக்கமே பெரிதாயிருந்தது.

இத்தகைய இடர்களை அளந்தறிதற்கும் ஒரு கருவி உண்டு. சிலேட், ஸ்பென்சர் என்னும் அறிஞர் இருவர் அவுஸ்திரேலியாவில் ஆராய்ந்து, 49 வினாக்கள் கொண்ட தொகுதியொன்றை 1994இல் வெளியிட்டனர். சிலேட் 1997இல் அதனை 14 வினாக்களாகச் சுருக்கினார். சொற்களை உச்சரித்தலில் இடருண்டோ என்பது அச்சுருக்கத்தின் முதல் வினா. சுவை குன்றியதோ, உணவு இடையில் நின்றதோ, நாணம் உண்டாயிற்றோ, பிறர்மீது சினம் எழுந்ததோ, அன்றாடப் பணி தடைப்பட்டதோ எனப் பிறவும் தொடரும். புண் ஆறிற்றா என்று கண் காணும்; வாழ்வு மீண்டதா என்று நோயாளரைக் கேட்டே அறிதல் வேண்டும். வினாத்தொகுதியின் நோக்கம் இதுவேயாம்.

சிகிச்சை முடிந்த முதல் 24 மணி நேரம் வாய் கொப்புளித்தல் ஆகாது. குழியில் உறைந்த குருதியே புண்ணுக்குக் காப்பு. பின்னர் இளஞ்சூடான உப்புநீர் நன்று. புகைத்தலும் குழல்கொண்டு உறிஞ்சுதலும் விலக்கத்தக்கன. அவ்வுறைவு பெயர்ந்து எலும்பு வெளிப்படின், சில நாட்களிற் கடுநோ எழும்; அப்போது காலந் தாழ்த்தாது வைத்தியரை நாடுதல் வேண்டும். பெரும்பாலோர் ஏறக்குறைய ஒரு வாரத்திற் பழைய நிலை எய்துவர். அவ்வொரு வாரத்தை அவர்க்கு மனமுவந்து அளித்தல் வீட்டாரும் ஆசிரியரும் வேலை கொள்வோரும் செய்யத்தக்க கடன்.

எனக்குப் பத்து நாட்கள் சென்றன. பத்தாம் நாட் காலை கண்ணாடி முன் நின்று 'ஆ' என்றேன், எழுத்துப் பிறந்தது. உடனே நினைவில் வந்தவன் அம்மாணவன். இன்று அவன் எங்குள்ளானோ அறியேன். "இரு, தம்பி; ஆறியபின் ஒப்புவிக்கலாம்" என்று அன்று சொல்லியிருத்தல் வேண்டும். அதனைச் சொல்வதற்கு அன்று என் வாயில் எத்தடையும் இருக்கவில்லை.