பேச்சின் முடிவை விலை சொல்லுமா?



பகைகொண்ட இரு நாடுகளின் தூதுவர் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்தனர் என்ற செய்தி வானொலியில் வந்ததும், கேட்போர் உள்ளத்தில் எழும் வினா ஒன்றே: இது கைகூடுமா? இதற்கு அரசியல் அறிஞர் விடை கூறுவர், சோதிடரும் கூறுவர். அண்மைக் காலத்தில் மூன்றாவதாக ஒரு சாராரும் இவர்களோடு சேர்ந்துள்ளனர். அவர்கள் விலையைப் பார்த்து விடை கூறுகின்றனர். அவ்விலை எங்ஙனம் உண்டாகின்றது, அதனை எம்மட்டில் நம்பலாம் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

முறை எளியது. "இவ்வாண்டு முடியுமுன் இன்ன இரு நாடுகள் போர்நிறுத்தம் செய்துகொள்ளும்" என்று ஒரு சீட்டு எழுதப்படுகின்றது. சொன்னபடி நடந்தால், சீட்டை வைத்திருப்பவர் 1 டொலர் பெறுவார். நடவாவிடின் ஒன்றும் பெறார். இடையில் அச்சீட்டு கைமாறலாம். ஒருநாள் அது 35 சதத்துக்கு விலைபோனால், அந்நிகழ்ச்சிக்கு நூற்றுக்கு 35 பங்கு வாய்ப்பு உண்டெனச் சந்தை மதிக்கின்றது என்பது பொருள். வாய்ப்பு 50 என்று எண்ணுபவர் வாங்க முந்துவார், விலை ஏறும். 20 என்று எண்ணுபவர் விற்க முந்துவார், விலை இறங்கும். தன் பணத்தை வைத்துப் பேசுகிறவன் வாய்க்கு வந்ததைப் பேசமாட்டான் என்ற நம்பிக்கையே இதன் அடித்தளம். 1988 இல் அமெரிக்காவின் ஐயோவாப் பல்கலைக்கழகத்தார் தேர்தலுக்கென இத்தகைய சந்தையொன்றைத் தொடங்கினர். இன்று பொலிமார்க்கெட், கல்ஷி ஆகிய நிறுவனங்கள் இவ்வணிகத்தைப் பெருக்கியுள்ளன. நம் பக்கத்தாருக்கும் இது முற்றிலும் புதிதன்று. கல்கத்தாவில் மழை பெய்யுமா என்று பந்தயம் கட்டுவது பெருகியதால், 1897 இல் அதனைத் தடுக்கச் சட்டமே இயற்ற நேர்ந்தது.

2003 ஆம் ஆண்டில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையைச் சார்ந்த ஆராய்ச்சி நிறுவனம் ஒன்று, மத்திய கிழக்கு நாடுகளின் அரசியல் நிகழ்ச்சிகளுக்கு இத்தகைய சந்தை அமைக்க முனைந்தது. யூலை மாத இறுதியில் இரு செனற்றர்கள் அதனை வெளிப்படுத்திக் கண்டித்தனர். மறுநாளே திட்டம் கைவிடப்பட்டது. பிறர் சாவின்மேல் பந்தயமா என்று உலகம் கேட்டது. அக்கேள்வி நியாயமானதே.

அதே ஆண்டில் நாம் எந்நிலையில் இருந்தோம்? 2002 பெப்ரவரி 22 இல் அரசாங்கமும் விடுதலைப் புலிகளும் போர்நிறுத்த உடன்படிக்கை செய்திருந்தனர். இவர்கள் இரு நாட்டினர் அல்லர், ஒரு நாட்டின் இரு தரப்பினர். ஆயினும் நோர்வே நடுநின்ற அப்பேச்சுகள் நாடுகளிடை நிகழும் பேச்சுகளைப் போன்றே நடந்தன. தாய்லாந்து, ஒஸ்லோ, பெர்லின், யப்பானின் ஹக்கோனே என ஆறு சுற்றுகள். அக்காலத்தில் யான் இலுப்பைக்கடவையில் இளம் ஆசிரியன். எங்களூரில் சீட்டுச் சந்தை ஏது? ஆனால் மண்ணெண்ணெய் இருந்தது. பொருளாதாரத் தடை தளர்ந்தபின் போத்தல் விலை இறங்கியது. பேச்சு நலமாக நடக்கின்றது என்று அதைக் கொண்டே ஊர் முடிவுகட்டியது. 2003 ஏப்ரல் 21 இல் புலிகள் பேச்சிலிருந்து விலகியபோது விலை ஏறவில்லை. ஆனால் எங்கள் கடைக்காரர் கடன் கொடுப்பதை நிறுத்திவிட்டார். அந்த மனிதரைப்போல் நிலைமையை அளந்தவர் எத்தனை பேர் இருந்தனரோ!

கொழும்புப் பங்குச் சந்தையோ வேறு கதை கூறிற்று. பேச்சு முறிந்த அந்த ஆண்டின் முடிவிலும் அதன் விலைச்சுட்டெண் முந்திய ஆண்டின் முடிவைவிட உயர்ந்தே நின்றது. சந்தை பொய் சொல்லிற்று எனல் தகாது. அடுத்த சில மாதங்களில் இலாபம் உண்டா என்பதே அதனிடம் கேட்கப்பட்ட கேள்வி. அதற்கு அது சரியாகவே விடையிறுத்தது. நிலைத்த சமாதானம் வருமா என்று அதனை யாரும் கேட்கவில்லை. 2008 இல் எங்கள் ஊர் வீடுவாசலை விட்டுப் பெயர்ந்தது.

ஆகவே, சீட்டில் எழுதிய சொல்லே முதன்மையானது. 2002 டிசம்பரில் ஒஸ்லோவில் இரு தரப்பும் கூட்டாட்சி அமைப்பிலான தீர்வை ஆராய்வதாக இணங்கின. "உடன்பாடு ஏற்படும்" என்ற சீட்டை ஒருவர் வைத்திருந்தால் அவருக்குப் பணம் கொடுப்பதா, மறுப்பதா? ஆராய இணங்குவது உடன்பாடாகுமா? இன்றும் இது வழக்காடத்தக்க வினாவே. 2025 இல் உக்ரேன் அதிபர் செலென்ஸ்கி கோட்டும் காற்சட்டையும் அணிவாரா என்ற அற்பக் கேள்வியிலேயே 20 கோடி டொலருக்கு மேல் கைமாறிற்று. அவர் நேட்டோ மாநாட்டில் அணிந்து வந்தது அத்தகைய உடைதானா என்று சண்டை மூண்டு, இறுதியில் அன்று என்றே தீர்ப்பாயிற்று. உடைக்கே இத்துணை வழக்கென்றால், உடன்படிக்கைக்கு எத்துணை!

இன்னொரு குறையும் உண்டு. 2025 ஒக்டோபர் 10 இல் நோபல் சமாதானப் பரிசு அறிவிக்கப்படுவதற்குச் சில மணி நேரத்துக்கு முன், வெனிசுவேலாவின் மரியா கொரினா மச்சாடோவுக்கான வாய்ப்பு நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவாய் இருந்து எழுபதுக்குமேல் பாய்ந்தது. பரிசும் அவருக்கே கிட்டியது. இஃது ஊகமன்று, கசிவு என்று ஐயுற்று நோர்வே நாட்டார் விசாரணை செய்தனர். மூடிய அறையில் நிகழும் பேச்சுகளுக்கு இது மிகப் பொருந்தும். அறைக்குள் இருப்பவனே சந்தையிலும் கைவைத்தால், விலை உண்மையைச் சொல்லக்கூடும். ஆனால் அவன் பேச்சை எப்பக்கம் திருப்புவான் என்பதில் எனக்கு அச்சமுண்டு.

பணமின்றியும் இக்கலையைப் பயிலலாம். கிளென் பிரையர் என்னும் வானிலை அறிஞர் 1950 இல் ஓர் அளவுகோல் வகுத்தார். 70 பங்கு வாய்ப்பு என்றீர், நடந்தது, குறைபாடு 0.3, அதன் வர்க்கம் 0.09. நடக்கவில்லையெனில் 0.7 இன் வர்க்கம், 0.49. புள்ளி குறைந்தவரே நன்கு கணித்தவர்.

இதனைப் பாடசாலையில் செய்து பார்த்தேன். எங்கள் கடலில் தமிழக இழுவைப்படகுகளின் சிக்கலை நேயர்கள் அறிவீர்கள். 2017 இல் நம் நாட்டில் இழுவைமடித் தொழில் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. இரு நாட்டாரிடையே பேச்சுகளும் பலமுறை நிகழ்ந்துள்ளன. "இம்மாத முடிவுக்குள் அடுத்த பேச்சு நடைபெறுமா?" என்று கரும்பலகையில் எழுதி, ஒவ்வொருவரும் ஓர் எண் இடுமாறு பணித்தேன். பலர் 40, 50 என இட்டனர். கடற்றொழிலாளர் வீட்டுப் பிள்ளை ஒருத்தி மட்டும் எண் இடவில்லை.

"சேர், பேச்சு நடந்தால் என்ன, நடக்காவிட்டால் என்ன? அப்பாவின் வலை அறுபடாமல் இருக்குமோ என்று கேளுங்கள்" என்றாள்.

கரும்பலகையை அழித்து, அவ்வாறே எழுதினேன். அவள் இட்ட எண் 10.