மென்பொருள் களஞ்சியம் நம் சர்வரில். சாவி யார் கையில்?

2021 பிப்ரவரியில் மென்பொருள் உலகில் இரண்டு செய்திகள் அடுத்தடுத்து வந்தன. பல நிறுவனங்களும் தனியாட்களும் தங்கள் மென்பொருள் பொதிகளை வைத்து விநியோகித்துவந்த பின்ட்ரே சேவையை மே 1-ஆம் தேதியோடு மூடப்போவதாக அதை நடத்திய ஜேஃப்ராக் அறிவித்தது. அதை நம்பியிருந்தவர்கள் மூன்று மாதத்துக்குள் மாற்று இடம் தேட வேண்டியதாயிற்று. அதே மாதம் அலெக்ஸ் பிர்சன் என்ற பாதுகாப்பு ஆய்வாளர், ஆப்பிள், மைக்ரோசாஃப்ட், பேபால் உள்ளிட்ட 35-க்கும் மேற்பட்ட நிறுவனங்களின் கணினிகளில் தன் நிரல் ஓடியதை வெளியிட்டார். அவர் எந்தப் பூட்டையும் உடைக்கவில்லை. அந்த நிறுவனங்கள் உள்ளுக்குள் மட்டும் புழங்கிய பொதிகளின் பெயர்களைக் கண்டுபிடித்து, அதே பெயரில், உயர்ந்த பதிப்பு எண் போட்டுப் பொதுக் களஞ்சியங்களில் ஏற்றிவைத்தார். கணினிகள் தாமாகவே வந்து எடுத்துக்கொண்டன.

சொந்தக் களஞ்சியம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு முதல் செய்தியே போதும். இரண்டாவது செய்தி, சொந்தமாகப் பொதிகளை வைத்திருந்தவர்களும் எங்கே கோட்டைவிட்டார்கள் என்பதைக் காட்டுகிறது.

லினக்ஸில் களஞ்சியம் என்பது பார்வைக்கு மிகச் சாதாரணமான ஒன்று. டெபியன், உபுண்டு குடும்பத்தையே எடுத்துக்கொள்வோம். சென்னையில் சி-டாக் நிறுவனம் உருவாக்கும் பாஸ் லினக்ஸும் இந்த வழி வந்ததுதான். வெப் சர்வரில் இரண்டு அடைவுகள் இருக்கும். 'பூல்' என்பதில் பொதிகள் கிடக்கும். 'டிஸ்ட்ஸ்' என்பதில் அவற்றின் பட்டியல்கள் இருக்கும். டேட்டாபேஸ் கிடையாது, கேட்டதை எடுத்துக் கொடுப்பதைத் தவிர சர்வருக்கு வேறு வேலையும் கிடையாது. எஞ்சினெக்ஸோ அப்பாச்சியோ எது இருந்தாலும் சரி, பழைய கணினி ஒன்றே தாராளமாகப் போதும்.

நம்பகத்தன்மை முழுவதும் அந்தப் பட்டியல்களில்தான் இருக்கிறது. 'பேக்கேஜஸ்' என்ற கோப்பில் ஒவ்வொரு பொதியின் பெயர், பதிப்பு, அளவு, அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட ஹாஷ் எண் ஆகியவை இருக்கும். அந்தக் கோப்பின் ஹாஷ் எண் 'ரிலீஸ்' என்ற இன்னொரு கோப்பில் இருக்கும். அந்த ரிலீஸ் கோப்பின் மீது ஜிபிஜி சாவியால் கையொப்பம் இடப்படும். ஆக, ஒரே ஒரு கையொப்பம் ஆயிரக்கணக்கான பொதிகளுக்கும் சேர்த்து உத்தரவாதம் தருகிறது. பொதியில் ஒரு எழுத்து மாறினாலும் கணக்கு உதைக்கும்; பொதிகளை இறக்கி நிறுவும் கருவியான ஆப்ட் அதை ஏற்க மறுத்துவிடும். வினாத்தாள் கட்டு எந்த வண்டியில் வந்தது என்பதை யாரும் பார்ப்பதில்லை, அரக்கு முத்திரை உடையாமல் வந்ததா என்றுதான் பார்ப்பார்கள். டெபியன் இத்தனை ஆண்டுகளாகச் சாதாரண எச்டிடிபி வழியாகப் பொதிகளை அனுப்ப முடிந்ததும் இதனால்தான். ஆனால், முத்திரையைச் சரிபார்க்கிறவனே ஏமாறினால் என்ன ஆகும் என்பதையும் பார்த்தாயிற்று. 2019 ஜனவரியில் ஆப்ட் நிரலிலேயே ஓர் ஓட்டை வெளிப்பட்டது. நடுவழியில் இருப்பவர் போலியான ரீடைரக்ட் பதில் மூலம் தவறான ஹாஷை நம்பவைக்க முடிந்தது. எச்டிடிபிஎஸ்ஸும் இருக்கட்டும் என்று அதன் பிறகு பலர் மாறிக்கொண்டார்கள். மாறுவதுதான் சரி.

அமைக்கும் வேலைக்கு ரெப்ரெப்ரோ, ஆப்ட்லி என இரண்டு கருவிகள் பெயர்பெற்றவை. ரெப்ரெப்ரோவுக்கு ஓர் அமைப்புக் கோப்பு போதும்: வெளியீட்டின் பெயர், எந்த வகைக் கணினிகளுக்கு, எந்தச் சாவியால் கையொப்பம் என்று சில வரிகள். பிறகு ஒரே கட்டளையில் பொதியைச் சேர்த்தால் பட்டியல், ஹாஷ், கையொப்பம் எல்லாம் அதுவே செய்துவிடும். அதன் வழக்கமான போக்கில் ஒரு பொதிக்கு ஒரு பதிப்புதான் இருக்கும். புதியது வந்தால் பழையது போய்விடும். நேற்றைய நிலைக்குத் திரும்ப வேண்டிய தேவை இருப்பவர்களுக்கு ஆப்ட்லி நல்லது. அது களஞ்சியத்தின் அன்றைய நிலையை அப்படியே ஸ்னாப்ஷாட்டாக எடுத்துவைக்கும். இருபது முப்பது பொதிகள் மட்டுமே உள்ள அலுவலகத்துக்கு ரெப்ரெப்ரோவே போதும் என்பது என் கருத்து. எந்தக் கருவியானாலும் ஒரு விதியை மீறக் கூடாது: ஒரு பதிப்பு எண்ணில் வெளியிட்ட பொதியைத் திருத்தி, அதே எண்ணில் மறுபடி வெளியிடாதீர்கள். சின்னத் திருத்தம்தானே என்று செய்தால், ஒரே பதிப்பு என்று சொல்லிக்கொள்ளும் இரு கணினிகளில் வெவ்வேறு நிரல்கள் ஓடிக்கொண்டிருக்கும்.

இனி பிர்சன் காட்டிய ஓட்டை. அவர் கைவைத்தது ஜாவாஸ்கிரிப்ட், பைத்தான், ரூபி பொதிகளில். ஆனால் ஆப்ட்டின் இயல்பும் அதுதான்: ஒரே பெயரில் இரண்டு இடத்தில் பொதி இருந்தால், முன்னுரிமை சமமாக இருக்கும்வரை உயர்ந்த பதிப்பையே எடுக்கும். உங்கள் நிறுவனப் பொதியின் பெயரில் நாளை டெபியனிலோ வேறொரு வெளிக் களஞ்சியத்திலோ ஒன்று வந்தால், உங்களுடையது ஓசையில்லாமல் ஓரங்கட்டப்படும். இதற்கு ஆப்ட்டிலேயே மருந்து உண்டு. எந்தப் பொதி எங்கிருந்து வர வேண்டும் என்று முன்னுரிமை எண் கொடுக்கலாம். வழக்கமான எண் 500, உங்கள் களஞ்சியத்தின் பொதிகளுக்கு அதைவிட உயர்த்திக்கொள்ளலாம். பொதிப் பெயரின் முன்னால் நிறுவனத்தின் பெயரைச் சேர்ப்பது இன்னும் எளிய தற்காப்பு.

சாவியிலும் இதே கவனம் வேண்டும். ஒரு காலத்தில் 'ஆப்ட்-கீ' கட்டளையால் எல்லாச் சாவிகளையும் ஒரே வளையத்தில் கோத்துவிடுவார்கள். அப்படிக் கோத்தால், உங்கள் களஞ்சியச் சாவியை வைத்திருப்பவர் டெபியனின் பெயரிலேயே கையொப்பமிட்டாலும் கணினி ஏற்றுக்கொள்ளும். அந்தக் கட்டளைக்கு இப்போது விடைகொடுத்தாயிற்று. களஞ்சியத்தின் முகவரி எழுதும் இடத்திலேயே 'சைன்ட்-பை' என்ற வரியில் இந்தச் சாவி இந்தக் களஞ்சியத்துக்கு மட்டும் என்று எழுத வேண்டும். இணையத்தில் கிடக்கும் பழைய குறிப்புகளில் பாதி இன்னும் ஆப்ட்-கீயைத்தான் சொல்லிக்கொடுக்கின்றன, பார்த்துச் செய்யுங்கள்.

கையொப்பமிடும் ரகசியச் சாவி வெப் சர்வரில் இருக்கவே கூடாது. வேறொரு கணினியில் பட்டியலைத் தயாரித்து, கையொப்பமிட்டு, முடிந்த கோப்புகளை மட்டும் ஆர்சிங்க் என்ற கருவி மூலம் சர்வருக்கு அனுப்புங்கள். சர்வருக்குள் யாராவது புகுந்தாலும் பொதிகளை அழிக்கத்தான் முடியும். உங்கள் கணினிகள் நம்பும்படி மாற்றி வைக்க முடியாது. இதைச் செய்யாத களஞ்சியத்தில் கையொப்பம் வெறும் சடங்கு. கையொப்பம் பொதியை மறைக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வெளியார் பார்க்கக் கூடாத நிரல் என்றால் எச்டிடிபிஎஸ்ஸும் கடவுச்சொல்லும் கட்டாயம் வேண்டும்.

எல்லோருக்கும் இது தேவையா? இல்லை. ஒரு கல்லூரி ஆய்வகத்தில் ஐம்பது கணினிகளும் ஒரே அப்டேட்டை ஐம்பது முறை இறக்குகின்றன என்பது மட்டும்தான் சிக்கல் என்றால், 'ஆப்ட்-கேச்சர்-என்ஜி' என்ற இடைநிலைச் சேமிப்பகம் அரை மணி நேரத்தில் அதைத் தீர்த்துவிடும். டெபியனையே முழுதாகப் பிரதி எடுக்கும் ஆசை பலருக்கு வரும். டெபியன் 12-இல் மட்டும் 64,000-க்கும் மேற்பட்ட பொதிகள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றை உங்கள் அலுவலகம் ஒருநாளும் தொடப்போவதில்லை. சொந்தமாகப் பொதி கட்டுகிறவர்கள், இணையத்தோடு இணைக்காத வலையமைப்பை நடத்துகிறவர்கள், எந்த அப்டேட் எப்போது போக வேண்டும் என்பதைத் தாங்களே முடிவுசெய்ய வேண்டியவர்கள் ஆகியோருக்குத்தான் சொந்தக் களஞ்சியம்.

அப்படி அமைக்கிறவர்கள் பெரும்பாலும் இடறுவது தேதியில். ஜிபிஜி சாவிக்குக் காலாவதித் தேதி வைப்பது நல்ல வழக்கம். ஆனால் அந்த நாள் வந்ததும் எல்லாக் கணினிகளிலும் அப்டேட் ஒரே சமயத்தில் நின்றுபோகும். அவசரத்தில் யாராவது 'டிரஸ்டட்=யெஸ்' என்று எழுதிக் கையொப்பச் சரிபார்ப்பையே அணைத்துவிடுவார்; அதை மறுபடி யாரும் திருத்த மாட்டார்கள். தேதியை நீட்டித்த சாவியை முன்கூட்டியே ஒரு பொதியாகக் கட்டி, அதே களஞ்சியத்தின் வழியாக எல்லாக் கணினிகளுக்கும் அனுப்பிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை; டெபியனும் தன் சாவிகளை அப்படித்தான் அனுப்புகிறது. எனவே சாவி உருவாக்கும் அன்றே இரண்டு வேலைகளைச் செய்துவிடுங்கள்: அதன் பிரதியைப் பாதுகாப்பான வேறொரு இடத்தில் வையுங்கள், காலாவதிக்கு மூன்று மாதம் முந்தைய தேதியை ஒருவருக்கு இருவராக நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்.