வெள்ளம் வடிந்துவிட்டது என்று கேன்யனுக்குள் இறங்காதீர்கள்

“நேத்துதான் வெள்ளம் வந்து வடிஞ்சிடுச்சே, இன்னிக்கு வராதுல்ல?”

அமெரிக்காவில் வசிக்கும் நம்மவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஜூலை பிறந்தால் இந்தக் கேள்வி வந்துவிடும். செப்டம்பர் லேபர் டே விடுமுறை வரை ஓயாது. விடுதிக்குப் பணம் கட்டியாயிற்று, விமானச் சீட்டு எடுத்தாயிற்று, நான்கு குடும்பங்கள் கிளம்பி நிற்கின்றன. யாரோ ஒருவர், “ஒண்ணும் ஆகாது, போலாம்” என்று பதில் போடுகிறார். கயிறு கட்டிப் பாறை இடுக்குக்குள் இறங்கும் கேன்யனியரிங்கை அவர் கற்றதெல்லாம் யூடியூபில். அவரை நம்பித்தான் மற்றவர்கள் கயிற்றில் தொங்குகிறார்கள்.

யூட்டா, அரிசோனா மாநிலங்களில் உள்ள ஸ்லாட் கேன்யன்கள் மணற்பாறையை வெள்ளமே அறுத்து உண்டாக்கிய இடுக்குகள். பல இடங்களில் கையை விரித்தால் இரண்டு சுவரையும் தொடலாம். சுவரோ பல மாடி உயரம். மேலே பல மைல் பரப்பில் பெய்யும் மழையைப் பாறை உறிஞ்சாது. மொட்டை மாடியில் பெய்த மழை முழுவதும் ஒரே குழாயில் இறங்குவதுபோல அது அந்த இடுக்கில் இறங்கும். உங்கள் தலைக்கு மேல் வானம் நீலமாக இருக்கும்போதும் இறங்கும்.

1997 ஆகஸ்ட் 12 அன்று அரிசோனாவின் லோயர் ஆன்டிலோப் கேன்யனில் 11 பேர் இறந்தார்கள். மழை பெய்தது அங்கே அல்ல, பல மைல் தள்ளி. 2015 செப்டம்பர் 14 அன்று ஸையான் தேசியப் பூங்காவின் கீஹோல் கேன்யனில் இறங்கிய ஏழு பேரில் ஒருவரும் திரும்பவில்லை. அன்று பூங்காவின் வர்ஜின் ஆறு 15 நிமிடத்தில் நொடிக்கு 55 கன அடியிலிருந்து 2,600 கன அடிக்கு மேல் ஏறியது. அந்த ஏழு பேரும் திருட்டுத்தனமாக நுழைந்தவர்கள் அல்ல. பெர்மிட் வாங்கியிருந்தார்கள். வெள்ள அபாயம் உண்டு என்ற எச்சரிக்கையும் அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது.

ஆகவே முதல் எச்சரிக்கை இதுதான்: பெர்மிட் என்பது பாதுகாப்புச் சான்றிதழ் அல்ல. அபாயம் அதிகம் என்று பலகையில் எழுதி வைத்துவிட்டு, அதே அலுவலகத்திலிருந்து பெர்மிட்டையும் நீட்டும் நடைமுறையை என்னால் ஏற்க முடியவில்லை. ‘முடிவு உங்கள் பொறுப்பு’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டால் அலுவலகத்தின் கடமை முடிந்துவிடுகிறது. உங்கள் கடமை அங்கேதான் தொடங்குகிறது.

இனி, வெள்ளத்துக்கு மறுநாளைப் பற்றி. பருவமழைக் காலத்தில் அந்தப் பகுதியில் பிற்பகல் இடிமழை பல நாள் தொடர்ந்து வரும். நேற்று வந்தது இன்றைக்கு உத்தரவாதம் ஆகாது. மழையே வராவிட்டாலும், நீங்கள் படித்த வழிக்குறிப்பில் இருக்கும் கேன்யன் இப்போது அங்கே இல்லை. அடியிலிருந்த மணலை வெள்ளம் அரித்துப் போயிருந்தால் 60 அடி இறக்கம் 70 அடியாகியிருக்கும், உங்கள் கயிறு எட்டாது. நீர் நிரம்பியிருந்த பாறைக்குழி வற்றிக் கிடந்தால், நீந்திக் கடந்த இடத்தில் வழுக்குச் சுவரில் ஏற வேண்டும். புதைமணல் புதிதாகச் சேர்ந்திருக்கும். தலைக்கு மேல் பெரிய மரக்கட்டைகள் குறுக்கே செருகி நிற்கும். தண்ணீர் அந்த உயரம் வரை வந்தது என்பதற்கு அதுவே சாட்சி. வெயில் புகாத குழிநீர் ஆகஸ்டிலும் உடலை விறைக்க வைக்கும், வெட்சூட் இல்லாமல் இறங்கவே கூடாது.

கயிறு கட்டும் ஆங்கரை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். பாறையில் அடித்திருக்கும் போல்ட்டில் முன்பு வந்தவர்கள் விட்டுச்சென்ற நாடா தொங்கும். அதை அப்படியே நம்பாதீர்கள். முடிச்சின் உள்பக்கம், பாறையில் உரசும் மடிப்பு, இரும்பு வளையம் உட்காரும் இடம் மூன்றையும் விரலால் புரட்டிப் பாருங்கள். வெளியே புதிதாகத் தெரியும் நாடா உள்ளே மணல் புகுந்து பாதி அறுந்திருக்கும். போல்ட் ஆடுகிறதா என்று அசைத்துப் பாருங்கள். சந்தேகம் என்றால் வெட்டி எறிந்துவிட்டு, கொண்டுபோன புது நாடாவைக் கட்டுங்கள். இன்னொன்று, முதல் இறக்கத்தில் கயிற்றை உருவிவிட்டால் திரும்பி ஏற வழி கிடையாது. அதன் பிறகு முன்னால் போவது ஒன்றே வழி.

இப்போது அலுவலகமும் காகிதமும்.

ஸையானில் கயிறு தேவைப்படும் எல்லாக் கேன்யன்களுக்கும் வில்டர்னஸ் பெர்மிட் கட்டாயம். முன்பதிவு ரெக்ரியேஷன்.கவ் தளத்தில். பயண நாளை ஒட்டி விசிட்டர் சென்டரின் வில்டர்னஸ் மேசையில் நேரில் நின்று, “இந்தக் கேன்யனில் வெள்ளத்துக்குப் பிறகு யாராவது இறங்கினார்களா? ஆங்கர் எப்படி இருக்கிறது?” என்று ரேஞ்சரிடம் கேளுங்கள். தேசிய வானிலைச் சேவை தினமும் தரும் திடீர் வெள்ள வாய்ப்பு நிலையைப் பாருங்கள். அதில் நான்கு படிகள்: எதிர்பார்க்கவில்லை, வரலாம், வாய்ப்பு அதிகம், நிச்சயம் எதிர்பார்க்கிறோம். முதல் படி தவிர எதுவாக இருந்தாலும் ஸ்லாட் கேன்யனில் இறங்காதீர்கள். கட்டிய பணம் போனால் போகட்டும்.

ஸையானில் ஆற்றுக்குள்ளேயே நடந்து போகும் நேரோஸ் பாதைக்கும் கணக்கு உண்டு. ஆற்றின் ஓட்டம் நொடிக்கு 150 கன அடியைத் தாண்டினால் மூடுவார்கள். வெள்ள எச்சரிக்கை வந்தாலும் மூடுவார்கள், விலக்கிய பிறகு குறைந்தது 2 மணி நேரம் திறக்க மாட்டார்கள். மூடிய பாதையில் நுழைவதும் பெர்மிட் இல்லாமல் இறங்குவதும் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். 6 மாதம் வரை சிறையும் 5,000 டாலர் வரை அபராதமும் விதிக்கலாம். எச்1பி, எஃப்1 விசாவில் இருப்பவர்கள் நினைவில் வைக்க வேண்டும்: அடுத்த விசா விண்ணப்பத்தில் கைது, தண்டனை பற்றிய கேள்வி உண்டு.

ஸையானின் வில்டர்னஸ் பகுதியில் காசு வாங்கிக்கொண்டு கேன்யனியரிங் அழைத்துப்போக யாருக்கும் அனுமதி இல்லை. அப்படி யாராவது விளம்பரம் செய்தால் ஏமாறாதீர்கள். ஆன்டிலோப் கேன்யனில் இதற்கு நேர்மாறு. அது நவாஹோ மக்களின் நிலம், அனுமதி பெற்ற வழிகாட்டி இல்லாமல் நுழையவே முடியாது.

கிளம்பும் முன் ஒரு தாள் எழுதி, கூட வராத ஒருவரிடம் கொடுங்கள். எல்லோருடைய பெயர், வயது, நோய், மருந்து, கேன்யனின் பெயர், இறங்கும் இடம், வெளியேறும் இடம், வண்டி எண், நிறுத்திய இடம், காப்பீட்டு எண். கடைசியாக, “இத்தனை மணிக்குள் என் குரல் கேட்காவிட்டால் 911-ஐக் கூப்பிடு” என்ற வரி. உள்ளே கைபேசிச் சிக்னல் கிடைக்காது. வானம் தெரியாத இடுக்கில் சாட்டிலைட் கருவியும் கைவிடலாம். உங்களைத் தேட வைக்கப்போவது அந்தத் தாள்தான்.

செலவையும் தெரிந்துகொள்ளுங்கள். தேசியப் பூங்காக்கள் பொதுவாக மீட்புக்குப் பணம் கேட்பதில்லை. பூங்காவுக்கு வெளியே மீட்பு கவுண்டி ஷெரிஃப் பொறுப்பு, யூட்டாவில் கவுண்டிகள் மீட்புச் செலவை வசூலிக்கச் சட்டம் இடம் தருகிறது. அதற்காகவே அந்த மாநிலம் ஆண்டுக்கட்டணத்தில் மீட்பு உதவி அட்டை தருகிறது, வாங்கி வையுங்கள். ஆனால் ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸ் அதில் அடங்காது. அமெரிக்க மருத்துவக் காப்பீடு உள்ளவர்களுக்கு 2022 முதல் நடப்பில் உள்ள நோ சர்ப்ரைசஸ் சட்டம், ஒப்பந்தத்துக்கு வெளியே உள்ள ஏர் ஆம்புலன்சின் எதிர்பாராத பில்லிலிருந்து பாதுகாப்புத் தருகிறது. பில் வந்ததும் பயந்து கட்டாதீர்கள், 1-800-985-3059 உதவி எண்ணில் முறையிடுங்கள். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவுக்கு எடுத்த விசிட்டர் இன்ஷூரன்சுக்கு இந்தச் சட்டப் பாதுகாப்பை நம்ப முடியாது. சாகச விளையாட்டுக்கு அதில் விலக்கு இருக்கிறதா என்று பாலிசியைத் திறந்து பாருங்கள்.

அரசு அலுவலரின் கவனக்குறைவால் விபத்து என்று கருதினால், கூட்டாட்சி அரசிடம் ஸ்டாண்டர்ட் ஃபார்ம் 95 படிவத்தை 2 ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். யூட்டா மாநிலம், கவுண்டி மீதென்றால் ஓராண்டுக்குள் நோட்டீஸ். ஆனால் பாதையைத் திறப்பதா மூடுவதா என்பது போன்ற முடிவுகளுக்குச் சட்டத்தில் விதிவிலக்கு இருப்பதால், இயற்கை அபாய வழக்குகள் வெல்வது கடினம். வழக்கு போடலாம் என்ற தைரியத்தில் யாரும் இறங்க வேண்டாம்.

உயிரிழப்பு நேர்ந்தால் அந்தப் பகுதிக்குரிய இந்தியத் துணைத் தூதரகத்தை உடனே அழையுங்கள். உடலை ஊருக்கு அனுப்ப இறப்புச் சான்று, எம்பாமிங் சான்று, கடவுச்சீட்டு, நெருங்கிய உறவினரின் ஒப்புதல் கேட்பார்கள். தமிழ்நாட்டில் இருக்கும் குடும்பத்தார் அயலகத் தமிழர் நலத்துறையை அணுகலாம்.

மறுபடியும் சொல்கிறேன், வாட்ஸ்அப்பில் ஒரு வரியில் தள்ளிவிடுவார்கள் என்பதால். நீல வானம் அத்தாட்சி அல்ல. பெர்மிட் அத்தாட்சி அல்ல. நேற்று வெள்ளம் வந்து போனதும் அத்தாட்சி அல்ல. குழுவில் ஒருவர் தயங்கினாலும் எல்லோரும் திரும்புங்கள். அந்த முடிவை முதல் கயிற்றை உருவும் முன் எடுங்கள்.