பட்டை உடைஞ்சுதா? வெல்டிங் வேணாம் பாஸ்!

செமஸ்டர் லீவு. ஐயா காலத்து ஜீப்பைத் துடைச்சு எடுத்துக்கிட்டு, காரைக்குடியில இருந்து கானாடுகாத்தான் பக்கம் அஞ்சு பேர் கிளம்பறீங்கன்னு வச்சுக்குங்க. செம்மண் பாதை, கண்மாய்க் கரை, திடீர்னு ஒரு பள்ளம்... 'டங்'! அதுக்கப்புறம் வண்டி ஒரு பக்கமா சாய்ஞ்சே நிக்குது. ஸ்டியரிங்கை நேரா பிடிச்சாலும் இழுக்குது. குனிஞ்சு பார்த்தா, சக்கரத்துக்குப் பக்கத்துல அடுக்கி வச்ச பட்டைகள்ல ஒண்ணு ரெண்டா பிளந்து கிடக்குது.

உடனே கூட்டத்துல ஒரு குரல் வரும் பாருங்க... "விடு மச்சி, ஒரு வெல்டிங் வச்சா சரியாப் போயிடும்!"

ப்ளீஸ், அந்தக் குரலை மட்டும் கேட்காதீங்க. ஏன்னு சொல்றோம்.

அடுக்குப் பட்டையோட கதை

2020-ல வந்த புது தார்ல நாலு சக்கரத்துக்கும் காயில் ஸ்பிரிங். ஆனா, அதோட கொள்ளுத்தாத்தா வில்லீஸ் ஜீப் அப்படி இல்லை. இரண்டாம் உலகப்போருக்காக 1941 முதல் 1945 வரைக்கும் வில்லீஸும் ஃபோர்டும் சேர்ந்து 6 லட்சத்துக்கும் அதிகமான ஜீப்களைத் தயாரிச்சுத் தள்ளினாங்க. அத்தனைக்கும் பட்டை ஸ்பிரிங்தான். 1940-களின் கடைசியில மஹிந்திரா அதே வில்லீஸை இந்தியாவுல பூட்ட ஆரம்பிச்சது. பின்னாடி வந்த சி.ஜே.3பி, எம்.எம்.540 எல்லாம் அதே வம்சம். முன்னாடி, பின்னாடி நாலு மூலையிலும் பட்டைதான்.

சங்கதி ரொம்ப சிம்பிள். நீளமான மெயின் பட்டைதான் தலைவர். அதோட ரெண்டு முனையும் காது மாதிரி வளைஞ்சிருக்கும். ஒரு காது சேஸிஸ்ல அசையாம மாட்டியிருக்கும். இன்னொரு காது ஷாக்கிள்ல தொங்கும். பள்ளத்துல பட்டை அமுங்கி நீளும்போது, ஷாக்கிள் ஊஞ்சல் மாதிரி ஆடி இடம் கொடுக்கும். மத்த பட்டைகள் மெயின் பட்டைக்குத் தோள் கொடுக்கும். எல்லாத்தையும் நடுவுல ஒரு செண்டர் போல்ட் கோக்கும். யு-போல்ட் ரெண்டும் அச்சோட சேர்த்து இறுக்கும்.

கவனிச்சீங்களா? பட்டை வெயிட்டை மட்டும் தாங்கலை. அச்சு முன்னபின்ன நகராம பிடிச்சு வச்சிருக்கிறதும் அதுதான். மெயின் பட்டை முறிஞ்சா, சக்கரம் தன் இடத்தை விட்டு நகரும். அறுபதுல போகும்போது அது நடந்தா? அஞ்சு பேர் உயிரு பாஸ்!

திருப்பாச்சேத்தி பாடம்

வெல்டிங் ஏன் கூடாதுன்னு நம்ம சிவகங்கை மாவட்டத்து கொல்லுப்பட்டறையே சொல்லிக் கொடுக்கும். திருப்பாச்சேத்தி அரிவாள் தெரியும்ல? 2005-ல விஜய் 'திருப்பாச்சி'ன்னு படமே நடிச்சாரே! அந்த அரிவாளுக்கு வண்டிகளோட பழைய பட்டை செம கிராக்கி. காரணம், அது சாதா இரும்பு இல்லை. கார்பன் 0.5, 0.6 சதவீதம் இருக்கிற ஸ்பிரிங் ஸ்டீல். பழுக்கக் காய்ச்சி, சடக்குனு குளிர வச்சா கெட்டியாகும். மறுபடி மிதமா சூடாக்கினா, உடையாம வளையும். இந்த ரெண்டு சூட்டுக்குத்தான் 'பதம்'னு பேரு.

கொல்லர், இரும்போட கலரைப் பார்த்தே சூட்டைக் கணக்குப் பண்றவர். வெல்டிங்ல என்ன ஆகுது? ஒரே இடத்துல தகதகன்னு சூடு. பக்கத்துல இருக்கிற பட்டை அந்தச் சூட்டை உறிஞ்சிடும். ஒட்டுக்குப் பக்கத்துல ஒரு கோடு கண்ணாடி மாதிரி விறைச்சுப் போகும். அதுக்குப் பக்கத்துக் கோடு பதம் இழந்து தளர்ந்து போகும். ஒட்டு பார்க்க ஜம்முனு இருக்கும். அடுத்த பள்ளத்துல, ஒட்டுக்குப் பக்கத்துலயே 'டங்'!

முதல் தடவை ஏன் உடைஞ்சது? பெரும்பாலும் துருதான் வில்லன். துரு அரிச்ச சின்னக் குழியில கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஆரம்பிச்சு, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமா வளரும். இந்த அரிமானத்தை ஆராய்ச்சி பண்றதுக்கு உங்க ஊர்லயே ஒரு பெரிய இடம் இருக்கு. 1948-ல அடிக்கல் நாட்டின சிக்ரிதான் அது! யு-போல்ட் லூஸா இருந்தாலும் ஆபத்து. செண்டர் போல்ட் ஓட்டை இருக்கிற இடத்துலயே பட்டை முறியும்.

சரி, எப்படி மாத்துறது?

முதல் தடவைன்னா, அனுபவமுள்ள மெக்கானிக் அண்ணன் ஒருத்தரைப் பக்கத்துல வச்சுக்குங்க. ஈகோ வேணாம்.

* முந்தின நாளே நட்டுகள்ல துரு இளக்கும் ஆயில் விட்டு ஊற விடுங்க.
* சமதரையில நிறுத்தி, மத்த சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைங்க. சேஸிஸுக்கு அடியில ஸ்டாண்ட் கொடுங்க. வெறும் ஜாக்கியை நம்பி அடியில படுக்காதீங்க.
* அச்சுக்குத் தனியா இன்னொரு ஜாக்கி. அதை மெல்ல இறக்கினா பட்டையோட இறுக்கம் குறையும். பிரேக் ஹோஸ் இழுபடாம பார்த்துக்குங்க.
* யு-போல்ட், ஷாக்கிள், காது போல்ட்னு வரிசையா கழட்டுங்க. பழைய வில்லீஸ்ல சில ஷாக்கிள் இடது மரை. கழட்டறோம்னு நினைச்சு இறுக்கிடாதீங்க!
* அடுக்கைப் பிரிக்கணுமா? வைஸ்ல இறுக்கிப் பிடிச்ச பிறகுதான் செண்டர் போல்ட்டைத் தொடணும். இல்லேன்னா பட்டை விசிறியடிக்கும். விரல் பத்திரம்!
* பழசையும் புதுசையும் பக்கத்துல வச்சு நீளம், வளைவு, செண்டர் போல்ட் இடம் மூணையும் ஒப்பிடுங்க. சில அடுக்குகள்ல போல்ட் நட்டநடுவுல இருக்காது.
* இடது, வலது ரெண்டையும் சேர்த்தே மாத்துங்க. ஒண்ணு புதுசு, ஒண்ணு தளர்ந்ததுன்னா வண்டி சாயும்.
* செண்டர் போல்ட் தலை அச்சுல இருக்கிற குழியில சரியா உக்காரணும். யு-போல்ட் புதுசாத்தான் போடணும். ஒருமுறை இறுக்கினது நீண்டு போயிருக்கும்.
* ரப்பர் புஷ் இருக்கிற வண்டியை முழுசா தரையில இறக்கின பிறகு காது போல்ட்டைக் கடைசி இறுக்கு இறுக்குங்க. தொங்கும்போதே இறுக்கினா ரப்பர் முறுக்கிக் கிழியும்.

முடிஞ்சுதா? இல்லை! சில நூறு கிலோமீட்டர் ஓடின பிறகு யு-போல்ட்டை மறுபடி செக் பண்ணணும். புதுப் பட்டைகள் ஒண்ணோட ஒண்ணு படிஞ்சு கொஞ்சம் இளகும். நிறைய பேர் கோட்டை விடறது இங்கதான்.

பழசைத் தூக்கிப் போடாத ஊர் காரைக்குடி. முனீஸ்வரன் கோவில் தெருவுல பழைய சாமான் கடைகளைப் பார்த்தாலே தெரியும். உடைஞ்ச பட்டையையும் தூக்கிப் போடாதீங்க. கொல்லுப்பட்டறையில கொடுங்க. முழுசா உலையில வெந்து, புதுசா பதம் ஏறி, ஆச்சிக்குத் தேங்காய் வெட்டற அரிவாளா திரும்பி வரும். அதுக்கு அந்த வேலை போதும். ஐயாவோட ஜீப்பைத் தாங்கறதுக்கு மட்டும் புதுப் பட்டை வாங்கிடுங்க. ஓ.கே.தானே?