போதார் கல்லூரியின் சொந்தப் பிள்ளைகள்

மாட்டுங்கா மைதானங்கள் – தொடர் 9

1981 பிப்ரவரி, நியூசிலாந்தின் வெலிங்டன். காயமடைந்த திலீப் தோஷிக்குப் பதிலாக அவசரமாக அழைக்கப்பட்ட 18 வயதுப் பையன், டெஸ்ட் தொடங்குவதற்கு முந்தைய இரவுதான் ஊர் போய்ச் சேர்ந்திருந்தான். இரண்டாவது இன்னிங்ஸில் அவன் நான்கு பந்துகளில் மூன்று விக்கெட் எடுத்து எதிரணியின் ஆட்டத்தை முடித்து வைத்தான். மூன்றும் கேட்ச். மூன்றையும் பிடித்தவர் ஒருவரே. பந்து வீசியவர் ரவி சாஸ்திரி, பிடித்தவர் திலீப் வெங்சர்க்கார். இருவருமே மாட்டுங்கா ஆர்.ஏ. போதார் கல்லூரியின் மாணவர்கள்.

மும்பையில், நம் தாராவியிலிருந்து ரயில் பாதையைத் தாண்டினால் மாட்டுங்கா. 1941இல் தொடங்கிய இந்த வணிகவியல் கல்லூரியின் கிரிக்கெட் வரலாற்றில் யாரை முதலில் வைப்பது என்று கேட்டால், நான் வெங்சர்க்காரைத்தான் சொல்வேன். தாதர் இந்து காலனியில் கிங் ஜார்ஜ் பள்ளி, மாட்டுங்காவில் கல்லூரி, கிளப்புக்கு தாதர் யூனியன்: எல்லாமே நடந்து போகிற தூரம். 1975இல் நாக்பூரில் இரானி கோப்பை ஆட்டம். எதிரே சுழற்பந்து வீச்சாளர்கள் பிஷன் சிங் பேடியும் பிரசன்னாவும். 19 வயது வெங்சர்க்கார் அவர்களை இறங்கி வந்து அடித்து 110 ரன் குவித்தார். பிறகு 116 டெஸ்ட், 6868 ரன், 17 சதம். 1979, 1982, 1986 என லார்ட்ஸில் மட்டும் மூன்று சதம்.

சாஸ்திரியின் பாதையும் இதே வட்டாரத்துக்குள்தான். மாட்டுங்கா டான் போஸ்கோ பள்ளி கிரிக்கெட்டுக்குப் பேர்போனதல்ல. பள்ளிகளுக்கு இடையேயான கைல்ஸ் ஷீல்டு போட்டியின் 1976 இறுதி ஆட்டத்தில் செயின்ட் மேரீஸிடம் தோற்றது. அடுத்த ஆண்டு சாஸ்திரி தலைமையில், பள்ளியின் வரலாற்றிலேயே முதல்முறையாகக் கோப்பையை வென்றது. பள்ளியில் பயிற்சியாளர் பி.டி. தேசாய் செதுக்கிய பையனை, போதாரில் வசந்த் அம்லாடியும் ‘மார்ஷல்’ வி.எஸ். பாட்டீலும் வளர்த்தெடுத்தார்கள். ஜூனியர் கல்லூரி முடிப்பதற்குள் ரஞ்சி அழைப்பு வந்தது. பம்பாய்க்கு ஆடியவர்களில் அன்றைக்கு அவர்தான் மிக இளையவர். 1985இல் வான்கடேயில் திலக் ராஜின் ஒரே ஓவரில் ஆறு சிக்சர் அடித்தவரும் அவரே.

இவர்களைக் கல்லூரி தனியாக உருவாக்கிவிடவில்லை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். பள்ளியில் ஒரு பயிற்சியாளர் கண்டெடுத்தார், கல்லூரி கைமாற்றி வாங்கிக்கொண்டது, கிளப்பில் பெரியவர்களோடு ஆடி மெருகேறினார்கள். மழைக்காலத்தில் கிளப்புகள் மோதும் காங்கா லீக், ஈரமான ஆடுகளம், எகிறும் பந்து. அதில் தாக்குப்பிடித்தவனுக்கு இங்கிலாந்தின் ஆடுகளமும் அந்நியமாகத் தோன்றாது. பள்ளி, கல்லூரி, கிளப் என்ற இந்த மூன்றில் ஒன்று அறுந்தாலும் திறமை தெருவோடு நின்றுவிடும்.

தாராவியின் நம் பிள்ளைகளுக்கு அறுந்திருப்பது பள்ளி என்ற முதல் கண்ணிதான். தொண்ணூறு அடி ரோட்டுச் சந்துகளில் ஆடும் பையனுக்குக் கையும் கண்ணும் குறைவில்லை. அவனைப் பன்னிரண்டு வயதில் பள்ளி அணியில் நிறுத்தி, கைல்ஸ் ஷீல்டுக்கு அனுப்ப ஓர் ஆள் வேண்டும். அந்த வயதில் பள்ளி அணிக்கு ஆடாதவனைக் கல்லூரித் தேர்வாளர் கண்டுகொள்ள வழியே இல்லை.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. “ஆடினால் படிப்பு கெடும்” என்று பயப்படாதீர்கள். சாஸ்திரி போதாரில் படித்தது நீங்கள் விரும்பும் அதே காமர்ஸ்தான். இந்தப் பள்ளி ஆண்டு தொடங்கும்போது பையனின் பள்ளிக்குப் போய் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “நம்ம ஸ்கூல் டீம் ஷீல்டுக்கு ஆடுதா?” இல்லை என்றால், ஏன் இல்லை என்று பத்துப் பெற்றோராகச் சேர்ந்து கேளுங்கள்.

(அடுத்த வாரம்: ரூயா கல்லூரியும் சந்தீப் பாட்டீலும்)