வீடியோவில் தெரியாத செம்பின் நிறம்

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி, தடாவுக்குப் பக்கத்தில் இருக்கும் ஸ்ரீசிட்டியில் இன்று டைக்கின் ஏசி தயாரிக்கிறது, புளூஸ்டார் தயாரிக்கிறது, லாயிட் என்ற பெயரில் ஹாவெல்ஸ் தயாரிக்கிறது. 2025 மே மாதம் எல்ஜியும் சுமார் 5,000 கோடி ரூபாய் திட்டத்தோடு அங்கே அடிக்கல் நாட்டியது. திருப்பதி பக்கம் டிக்சன் நிறுவனத்திலிருந்து டிவியும் வாஷிங் மெஷினும் வருகின்றன. 2022 ஏப்ரலில் பழைய சித்தூர் மாவட்டத்தைப் பிரித்தபோது இந்தத் தொழிற்சாலைகள் இருக்கும் பகுதி புதிய திருப்பதி மாவட்டத்துக்குப் போனது. குப்பமும் பலமநேரும் நகரியும் சித்தூரிலேயே நின்றன. இரண்டு மாவட்டத்திலும் வேலை என்றால் இளைஞர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்தத் தொழிற்சாலைகள்தான். ஆனால் ஏசியைச் செய்கிறவர் வேறு, பழுது பார்க்கிறவர் வேறு. அசெம்பிளி லைனில் நிற்பவர் நாள் முழுக்க ஒரே கனெக்டரைச் செருகிக்கொண்டிருக்கலாம். திருப்பதி லாட்ஜ் ஒன்றின் மூன்றாவது மாடியில் ஓடாத ஏசிக்கு முன்னால் நிற்கும் மெக்கானிக்குக்கோ முழு மெஷினும் மனதில் இருந்தாக வேண்டும். இந்த இரண்டாவது வேலையைத்தான் இப்போது ஆன்லைனில் கற்றுத்தருவதாகப் பல விளம்பரங்கள் வருகின்றன. அதில் எவ்வளவு நிஜம்?

முறையான வழி ஐடிஐ. பத்தாம் வகுப்பு முடித்தவர் குளிர்சாதன, ஏசி டெக்னீஷியன் பிரிவில் இரண்டு ஆண்டுகள் படித்தால் தேசிய அளவில் செல்லும் சான்றிதழ் கிடைக்கும். ஆனால் இரண்டு ஆண்டுகள் சம்பாத்தியம் இல்லாமல் இருக்க எல்லா வீட்டாலும் முடியாது. குப்பத்திலிருந்து சித்தூருக்கு ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். தினமும் போய்வருவது நடக்கிற காரியமில்லை. பகலில் வேலைக்குப் போய்விட்டு இரவில் போனில் படிக்கலாம் என்ற ஏற்பாடு ஏன் ஈர்க்கிறது என்பதைப் புரிந்துகொள்ள இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. அதை ஏமாற்று என்று ஒரேயடியாகத் தள்ளுவது நியாயமாகாது. என் வாதம் இதுதான்: இந்தத் தொழிலில் பாதியை ஆன்லைன் படிப்பு வகுப்பறையைவிட நன்றாகவே கற்றுத்தரும், மறுபாதியை அதனால் கற்றுத்தரவே முடியாது. சிக்கல் எங்கே வருகிறது என்றால், பாதிப் படிப்புக்கு முழுச் சான்றிதழ் கொடுக்கப்படும் இடத்தில்.

முதல் பாதி, குறை எங்கே என்று யோசித்துக் கண்டுபிடிப்பது. சீலிங் ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது. கையால் சுழற்றிவிட்டால் ஓடத் தொடங்குகிறது. காயில் கருகியிருக்கிறது என்று ஃபேனைக் கழற்றி ரீவைண்டிங் கடைக்கு அனுப்புகிறவர் உண்டு. கண்டென்சர் போயிருக்கும் என்று ஊகித்து, சின்ன டப்பா ஒன்றை மாற்றிவிட்டுப் போகிறவரும் உண்டு. வித்தியாசம் கையில் இல்லை. ஸ்டார்ட்டிங் காயிலுக்கு அந்த கண்டென்சர் ஏன் தேவை என்பது ஒருவருக்குத் தெரியும், மற்றவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். ஒர்க்‌ஷாப்புகளில் பழங்காலத்திலிருந்து இருக்கும் சீரிஸ் லாம்பும் இதே கதைதான். மிக்ஸியோடு ஒரு குண்டு பல்பைத் தொடராக இணைத்து கரண்ட் கொடுத்தால், உள்ளே ஷார்ட் இருக்கும்போது பல்பு முழு வெளிச்சத்தில் எரியும்; கம்பி அறுந்திருந்தால் எரியாது; எல்லாம் சரியென்றால் மங்கலாக எரியும். ஏன் என்று விளக்க ஐந்து நிமிட வீடியோ போதும், புரியாவிட்டால் பத்து முறை திருப்பிப் பார்க்கலாம். நாற்பது பேர் வகுப்பில் பத்தாம் முறை கேட்க யாருக்கும் வாய் வராது.

புது மெஷின்களில் இந்த யோசனைப் பாதி இன்னும் பெரிதாகிவிட்டது. இன்வெர்ட்டர் ஏசியில் வரும் கரண்ட்டை போர்டு முதலில் டிசியாக்கி, பிறகு கம்ப்ரசருக்கு வேண்டிய வேகத்துக்கு ஏற்ப மாற்றிக் கொடுக்கிறது. கோளாறு என்றால் ஒரு எரர் கோடு காட்டும். விஷயம் தெரியாதவர் கோடைப் பார்த்ததும் “போர்டு போச்சு” என்று சொல்லி ஆயிரக்கணக்கில் செலவு வைப்பார். தெரிந்தவர் முதலில் வெப்பநிலை சென்சாரைக் கழற்றி மல்டிமீட்டரில் வைத்துவிட்டு, அதன் முனையை உள்ளங்கையில் பொத்திப் பிடிப்பார். சூடேற ஏற மீட்டரில் ஓம் குறைந்துகொண்டே வரவேண்டும். அசையாமல் நின்றால் போர்டுக்குக் குற்றமில்லை, சில நூறு ரூபாய் சென்சார்தான் கெட்டது. இந்த வரிசையைக் கற்றுக்கொள்ளத் திரை நல்ல இடம்.

இனி மறுபாதி. பிரிட்ஜின் செம்புக் குழாயை இணைக்கக் கற்றுக்கொள்வதை எடுத்துக்கொள்வோம். குழாயைச் சுடரில் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். செம்பு மங்கிய சிவப்புக்கு வந்த நொடியில் ஃபில்லர் ராடைத் தொட்டால், அது தானாக உருகி இரண்டு குழாய்களுக்கும் நடுவிலுள்ள இடுக்கில் இழுத்துக்கொண்டு போகும். முன்னாலேயே தொட்டால் மேலே உருண்டையாக நிற்கும், உள்ளே போகாது. தாமதித்தால் குழாயே ஓட்டையாகும். எல்லாம் அந்த நிறத்தைப் பொறுத்தது. கேமரா காட்டாததும் அதையேதான். சுடரின் வெளிச்சத்துக்கு ஏற்பக் கேமரா தன்னைச் சரிசெய்துகொள்வதால் மங்கிய சிவப்பு திரையில் ஆரஞ்சாகத் தெரியும், சில நேரம் வெள்ளையாகவே தெரியும். எத்தனை முறை திருப்பிப் பார்த்தாலும் கண் தவறான நிறத்தைத்தான் பழகும். ஐம்பது துண்டுக் குழாய்களை வீணாக்கினால்தான் இது வரும்.

கேஸ் விஷயத்தில் பிழை இதைவிட ஆபத்தானது. இப்போது விற்கும் பிரிட்ஜ்களில் பெரும்பாலும் ஆர்600ஏ, அதாவது ஐசோபியூட்டேன். தீப்பிடிக்கும் வாயு. சமையல் கேஸில் கசிவு தெரியட்டும் என்று வாசனை சேர்க்கிறார்கள். பிரிட்ஜ் கேஸில் அந்த வாசனை கிடையாது. பல வீட்டு பிரிட்ஜ்களில் அதன் அளவு 100 கிராமைக்கூட எட்டாது. ஆகவே பத்து கிராம் கூடினாலும் குறைந்தாலும் குளிர் கெடும். பழைய ஆர்22 காலத்தில் குழாயைத் தொட்டுப் பார்த்து, ஆம்பியர் பார்த்து “போதும்” என்று நிறுத்திவிடுவார்கள். இன்று தராசு வைத்து எடைபோட்டுத்தான் நிரப்ப வேண்டும். அதற்கு முன் வேக்யூம் பம்ப் போட்டுக் காற்றையும் ஈரத்தையும் இழுத்திருக்க வேண்டும். கசிவு சோதிக்க நைட்ரஜன்தான் செலுத்த வேண்டும். கையில் இருக்கிறதே என்று வெல்டிங் ஆக்ஸிஜனைச் செலுத்தினால் கம்ப்ரசர் எண்ணெயோடு சேர்ந்து வெடிக்கும். ஏசிகளில் பரவலாகிவிட்ட ஆர்32 மெதுவாகத்தான் தீப்பற்றும் என்றாலும் அதன் அழுத்தம் ஆர்22-ஐவிட மிக அதிகம். பிளக்கைப் பிடுங்கிவிட்டோம் என்ற தைரியத்தில் இன்வெர்ட்டர் போர்டைத் தொடுகிறவருக்கு, கண்டென்சரில் தங்கியிருக்கும் 300 வோல்ட்டுக்கு மேலான டிசி காத்திருக்கும். இவற்றை வீடியோ சொல்லித்தரும்தான். ஆனால் சொன்னதைக் கை செய்கிறதா என்று பக்கத்தில் நின்று பார்க்க ஒருவர் வேண்டும்.

உலகம் இதை எப்படிக் கையாள்கிறது என்பது சுவாரசியமானது. அமெரிக்காவில் குளிர்பதன வாயுவைக் கையாள மத்திய அரசின் 608 சான்றிதழ் கட்டாயம். ஆனால் பிரிட்ஜ் போன்ற சிறு சாதனங்களுக்கான பிரிவைப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே எழுதிவிடலாம். அது சட்ட அறிவைச் சோதிக்கிறது, கையைச் சோதிப்பதில்லை. ஐரோப்பிய ஒன்றியமோ எழுத்துத் தேர்வோடு செய்முறைத் தேர்வையும் கேட்கிறது. இந்தியாவில் பழுது பார்க்கச் சான்றிதழ் எதுவும் கட்டாயமில்லை. 2019-இல் வெளியான இந்தியக் குளிர்விப்புச் செயல்திட்டம் ஒரு லட்சம் சர்வீஸ் டெக்னீஷியன்களுக்குப் பயிற்சியும் சான்றிதழும் தர இலக்கு வைத்தது. மின்னணுத் துறைத் திறன் கவுன்சில் ஏசிக்கும் வீட்டு உபயோகச் சாதனங்களுக்கும் தனித்தனி டெக்னீஷியன் தகுதிகளை வகுத்திருக்கிறது. அவற்றில் செய்முறை மதிப்பீடு உண்டு. ஆனால் தனியார் தளம் ஒன்று இருபது கேள்விகளுக்கு டிக் அடிக்கச் சொல்லிக் கொடுக்கும் காகிதமும் பார்வைக்கு அதே போலத்தான் இருக்கிறது. லாட்ஜ் மேனேஜருக்கோ வீட்டுக்காரருக்கோ வித்தியாசம் எப்படித் தெரியும்?

“சித்தூர் பஜாரில் முப்பது வருஷமாக உட்கார்ந்திருக்கிறவர்கள் எந்தக் கோர்ஸ் படித்தார்கள்?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அவர்கள் ஒரு கடையில் எடுபிடியாகச் சேர்ந்து, ஸ்க்ரூ டிரைவர் எடுத்துக் கொடுத்து, திட்டு வாங்கிக் கற்றார்கள். அதாவது மறுபாதியை முதலில் கற்றார்கள். யோசனைப் பாதி பின்னால் தானாக வந்தது. பழைய மெஷின் அதற்கு இடம் கொடுத்தது: கருகிய காயில் நாற்றமடிக்கும், தேய்ந்த கார்பன் பிரஷில் பொறி பறக்கும், குறை கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியும். போர்டுக்குள் செத்துப்போன ஐசி நாற்றமடிப்பதில்லை. ஆகவே அந்தப் பெரியவர்களுக்கே இன்று ஆன்லைன் படிப்பு தேவைப்படுகிறது. பார்க்கப்போனால் அதிகப் பயன் அவர்களுக்குத்தான். கை ஏற்கெனவே பழகியிருக்கிறது. கை பழகாத புதியவரையே குறிவைத்து விளம்பரங்கள் வருவதுதான் வேடிக்கை.

இன்னொரு ஆட்சேபம்: இனி யார் பழுது பார்க்கப்போகிறார்கள், கெட்டால் புதிது வாங்கிவிடுவார்கள். விலை குறைந்த மிக்ஸிக்கு இது ஓரளவு பொருந்தும். முப்பதாயிரம் கொடுத்து வாங்கிய ஏசிக்குப் பொருந்தாது. மேற்சொன்ன செயல்திட்டமே நாட்டில் சுமார் 8 சதவீத வீடுகளில்தான் ஏசி இருப்பதாகக் கணக்கிட்டது. இன்று வாங்கப்படுபவை இன்னும் பத்து வருஷத்துக்கு சர்வீஸ் கேட்கும். பழுதுபார்க்கும் உரிமைக்காக 2022 டிசம்பரில் மத்திய அரசு தனி இணையதளமே திறந்தது. போர்வெல் உப்புத் தண்ணீரில் கெய்சர் காயில் சுண்ணாம்பு பிடித்துப் போவதை எந்த மாடலும் இன்னும் நிறுத்தவில்லை. யாத்ரீகர்களுக்காக நூற்றுக்கணக்கில் கெய்சர் ஓடும் திருப்பதி போன்ற ஊரில் அது ஒன்றே ஒருவருக்கு வேலை தரும்.

அப்படியானால் குப்பத்து இளைஞர் என்ன செய்வது? யோசனைப் பாதிக்குப் பணம் கட்டவே தேவையில்லை. ஐடிஐ பாடங்களை மத்திய அரசின் பாரத் ஸ்கில்ஸ் தளம் இலவசமாகத் தருகிறது. சென்னை கிண்டியில் இருக்கும் நிமி என்ற தேசியப் பாடநூல் நிறுவனம் ஐடிஐ புத்தகங்களைத் தமிழிலும் தெலுங்கிலும் கொண்டுவருகிறது. வீட்டில் தமிழும் பள்ளியில் தெலுங்கும் பேசி வளர்ந்த நகரிப் பக்கத்துப் பிள்ளைகள் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம். மறுபாதிக்கு, வங்கிகள் நடத்தும் கிராமப்புறச் சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்கள் தங்க இடமும் சாப்பாடும் கொடுத்து இலவசமாகக் குறுகிய காலப் பயிற்சி தருகின்றன. 1982-இல் கர்நாடகத்தின் உஜிரேயில் தொடங்கிய முயற்சி அது. 2016-இல் வந்த தேசியத் தொழிற்பழகுநர் திட்டத்தில் உதவித்தொகையின் ஒரு பகுதியை அரசே தருவதால், சர்வீஸ் சென்டர்கள் பழகுநரை எடுக்கத் தயங்கப் பெரிய காரணம் இல்லை.

குறைவது இந்த இரண்டு பாதிகளுக்கும் நடுவில் ஒரு மேஜை. வேக்யூம் பம்ப், தராசு, மானிஃபோல்டு கேஜ், நைட்ரஜன் சிலிண்டர் எல்லாவற்றையும் தனியாக வாங்கினால் எந்த ஆன்லைன் கோர்ஸ் கட்டணத்தையும் தாண்டிவிடும். படிக்கிறவர் வாங்க முடியாது, வாங்கவும் வேண்டாம். ஐடிஐ ஒர்க்‌ஷாப்புகளில் அவை இருக்கின்றன. மாலை ஷிப்ட் இல்லாத இடங்களில் ஞாயிற்றுக்கிழமையும் சாயங்காலமும் ஒரு பயிற்றுநரை உட்காரவைத்து, ஆன்லைனில் படிக்கிறவர்களுக்கு மணிக்கணக்கில் திறந்துவிடலாம். செலவு என்று வருவது வீணாகும் செம்புக் குழாயும் ராடும் கேஸும் பயிற்றுநரின் கூடுதல் சம்பளமும்தான். அதற்கு ஒரு கட்டணம் வைத்தால் நானூறோ ஐந்நூறோ கொடுக்க ஆள் வருவார்கள். திரையில் பார்த்த ஜாயிண்ட்டைத் தன் கையால் போட்டு, நைட்ரஜன் ஏற்றி, சோப்பு நுரை தடவி, குமிழி வருகிறதா என்று பார்க்க.