சுருங்கிய சிறுநீரகத் தமனி: எந்தப் படத்தை நம்புவது?

சிறுநீரகத்துக்கு ரத்தம் கொண்டுசெல்லும் தமனி சுருங்கும்போது, உடலில் ரத்தமே குறைந்துவிட்டதாகப் பிழையாகக் கணித்துக்கொள்ளும் அந்த உறுப்பு, ரெனின் என்னும் பொருளைச் சுரந்து, உடல் முழுவதிலும் ரத்த அழுத்தத்தை ஏற்றிவிடுகிறது. அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் ஹாரி கோல்ட்பிளாட் என்ற மருத்துவ அறிஞர், நாய்களின் சிறுநீரகத் தமனியைச் சிறிய கவ்வியால் நெருக்கி, நீடித்த உயர் ரத்த அழுத்தத்தை உண்டாக்கிக் காட்டியது 1934-இல். மனிதரில் அந்தக் கவ்வியின் வேலையைப் பெரும்பாலும் முதிய வயதில் தமனிச் சுவரில் படியும் கொழுப்பும், சற்றே குறைந்த வயதுப் பெண்களில் தமனிச் சுவரின் தசையும் நாரும் ஒழுங்கற்றுத் தடித்து அதைப் பாசிமணி மாலைபோல் ஆக்கிவிடும் நோயும், இந்தியா உள்ளிட்ட ஆசிய நாடுகளின் இளையோரில் தகாயாசு எனப்படும் தமனி அழற்சியும் செய்கின்றன.

தொடையிலோ கையிலோ குழாயைச் செலுத்தி, நேரே தமனிக்குள் மருந்தைப் பாய்ச்சி எடுக்கும் ஆஞ்சியோகிராம்தான் சுருக்கத்தை அளக்கும் உரைகல்லாக நெடுங்காலம் இருந்துவருகிறது. எனினும் அக்குழாய் தமனியைக் காயப்படுத்தக்கூடும், படிந்த கொழுப்பைப் பெயர்த்துச் சிறுநீரகத்துக்குள்ளேயே அனுப்பிவிடவும் கூடும் என்பதால், சந்தேகப்படும் எல்லோருக்கும் அதைச் செய்வது முறையாகாது. தமனிக்குள் குழாய் நுழையாத சோதனைகளின் தேவை இங்கேதான் எழுகிறது.

அவற்றுள் எளியது டாப்ளர் ஸ்கேன். ரப்பர் குழாயின் வாயை விரலால் அழுத்தினால் நீர் சீறிப் பாய்வதுபோல, சுருங்கிய இடத்தில் ரத்தம் விரைவதை இது ஒலியலைகளால் அளக்கிறது. அவ்வேகம் நொடிக்கு ஏறத்தாழ 200 சென்டிமீட்டரைத் தாண்டினாலோ, அருகிலுள்ள பெருந்தமனியில் ஓடும் வேகத்தைப்போல் மூன்றரை மடங்குக்கு மேலானாலோ, குறிப்பிடத்தக்க சுருக்கம் இருப்பதாகக் கொள்வது வழக்கம். கதிர்வீச்சும் இல்லை, ஊசி மருந்தும் இல்லை என்பதால், பழுதடைந்த சிறுநீரகம் உடையவருக்கும் அச்சமின்றிச் செய்யலாம், தமனியை விரித்துவைக்கும் ஸ்டென்ட் என்னும் வலைக்குழாயை வைத்த பிறகு மீண்டும் மீண்டும் பார்க்கலாம். ஆனால் பருத்த வயிறும் குடலில் நிறைந்த வாயுவும் ஒலியை மறித்துவிடும். நான்கில் ஒருவருக்கேனும் இருக்கக்கூடிய கூடுதல் தமனி கண்ணில் படாமலே போகலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, கருவியைப் பிடிப்பவரின் கைத்திறன்தான் முடிவின் தரத்தைத் தீர்மானிக்கிறது.

சி.டி. ஆஞ்சியோகிராமில் அயோடின் கலந்த மருந்தைக் கையின் சிரையில் செலுத்தி எக்ஸ் கதிர்களால் படமெடுப்பதால் தமனியின் நுண்ணிய வடிவம் தெளிவாகத் தெரிகிறது என்றாலும், தமனிச் சுவரில் கெட்டியாகப் படிந்த சுண்ணாம்பு படத்தில் பூதாகாரமாக ஒளிர்ந்து உள்வழியை மறைப்பதுண்டு. சிறுநீரகப் பழுதைக் காட்டும் கிரியேட்டினின் ரத்தத்தில் உயர்ந்தவருக்கு அந்த அயோடினே சுமையாகலாம். எம்.ஆர். ஆஞ்சியோகிராமில் கதிர்வீச்சு இல்லை; ஆனால் சுருக்கத்தைச் சற்றே மிகைப்படுத்திக் காட்டும் இயல்பு அதற்கு உண்டு, உலோக ஸ்டென்ட் இருக்கும் இடத்தில் படம் கறுத்துவிடும். அதற்குப் பயன்படும் காடோலினியம் என்னும் மருந்து சிறுநீரகத்துக்குத் தீங்கற்றது என்று நம்பப்பட்ட காலமும் இருந்தது. சிறுநீரகம் செயலிழந்தோரின் தோலையும் மூட்டுகளையும் இறுக்கிவிடும் கொடிய நோயோடு அதற்குள்ள தொடர்பு 2006-இல் வெளிப்பட்டதும் அந்த நம்பிக்கை குலைந்தது. புதிய வகைக் காடோலினிய மருந்துகளில் அந்த ஆபத்து மிக அரிது. மருந்தே இல்லாமல் எம்.ஆர். படம் எடுக்கும் முறைகளும் வந்துள்ளன.

இவற்றில் எது சிறந்தது என்ற கேள்விக்கு நெதர்லாந்து ஆய்வாளர்கள் தந்த விடை, தங்களைத் தாங்களே திருத்திக்கொண்ட விடை. அதுவரை வெளியான ஆய்வுகளைத் தொகுத்து 2001-இல் அவர்கள் ஆராய்ந்தபோது சி.டி.யும் எம்.ஆரும் ஏறத்தாழ பிழையற்றவையாகத் தோன்றின. பின்னர் அவர்களே 356 நோயாளிகளுக்கு இரண்டையும் செய்து, குழாய் ஆஞ்சியோகிராமோடு ஒப்பிட்டு 2004-இல் வெளியிட்ட ஆய்விலோ, நோய் உள்ள 100 பேரில் சி.டி. 64 பேரையும் எம்.ஆர். 62 பேரையும் மட்டுமே கண்டுபிடித்தன. நோய் இல்லாத 100 பேரில் 92 பேரை சி.டி.யும் 84 பேரை எம்.ஆரும் சரியாக விடுவித்தன. கருவிகள் அதன்பின் வெகுவாக மேம்பட்டுள்ளன என்பது உண்மைதான். ஆயினும், நோய் நிச்சயமாகத் தெரிந்தவர்களிடம் கூர்மையாகத் தோன்றும் சோதனை, வெறும் சந்தேகத்தின் பேரில் வருவோரிடம் மழுங்கிவிடும் என்ற பாடத்தை எந்தக் கருவியும் மாற்றிவிடவில்லை. பாசிமணி வகைச் சுருக்கத்தில் அந்தப் பாடம் கூடுதலாகப் பொருந்தும்.

படத்தில் தெரியும் சுருக்கம்தான் ரத்த அழுத்தத்துக்குக் காரணமா, அதை விரித்தால் பயன் உண்டா என்பவை வேறு கேள்விகள். கொழுப்பால் தமனி சுருங்கிய 947 பேரிடம் நடந்து 2014-இல் அச்சான கோரல் ஆய்வில், மருந்தோடு ஸ்டென்ட்டும் வைக்கப்பட்டோருக்கு, மருந்து மட்டும் பெற்றவர்களைவிட மாரடைப்போ பக்கவாதமோ மரணமோ குறையவில்லை. ஆகவே கட்டுப்பட்ட அழுத்தமும் நிலையான கிரியேட்டினினும் உள்ள முதியவருக்குப் படம் எடுப்பதால் சிகிச்சை பெரும்பாலும் மாறாது. பல மருந்துகளுக்கும் அடங்காத அழுத்தம், திடீரென நுரையீரலில் நீர் கோத்து மூச்சடைத்தல், பலூனால் விரித்தால் பயன்பெறக்கூடிய இளம்பெண்ணின் பாசிமணித் தமனி ஆகியவற்றில்தான் படம் முடிவை மாற்றுகிறது; அங்கே, தேர்ந்த கை கிடைக்குமானால் டாப்ளரில் தொடங்கி, அது தெளிவு தராதபோது, சிறுநீரகத்தின் நிலையைப் பார்த்து சி.டி.யோ எம்.ஆரோ எடுப்பதே பெரும்பாலான மருத்துவர்கள் கைக்கொள்ளும் வரிசை.